ஒரே களஞ்சியம், பல பொதிகள்: தமிழ் நிரல்களைக் காத்துவைக்கும் கதை

1887-இல் சிங்கப்பூரில் சி. கு. மகுதூம் சாயபு ‘சிங்கை நேசன்’ இதழை வெளியிடத் தொடங்கினார். அது ஈய எழுத்துகளைக் கையால் கோத்து அச்சடித்த காலம். அப்போதைய அச்சகங்களில் செய்தித்தாளுக்கு ஒன்று, திருமண அழைப்பிதழுக்கு ஒன்று எனத் தனித்தனி எழுத்துகளை வார்த்து வைப்பதில்லை. எழுத்துப்பெட்டிகள் எல்லா வேலைக்கும் பொது. வெளியே போகும் தாள்கள் மட்டும் தனித்தனி. ‘ழ’ எழுத்து தேய்ந்துபோனால் புதிய எழுத்தைப் பெட்டியில் போட்டால் போதும், அடுத்து அச்சாகும் எல்லாத் தாளிலும் ‘ழ’ திருந்தி வரும்.

இன்றைய நிரலாளர்கள் ‘ஒற்றைக் களஞ்சியம்’ என்று சொல்லும் முறையும் ஏறக்குறைய இதுதான். இது கணினி வகுப்புச் சமாச்சாரம், நமக்கு எதுக்குன்னு கேட்கலாம். தமிழ்க் கணிமையின் வரலாற்றில் சிங்கப்பூருக்கு உள்ள இடத்தைப் புரிந்துகொள்ள இந்தக் கருத்து நல்ல திறவுகோல்.

முதலில் மூன்று சொற்கள்

நிரல் பொதி: ஒரு சிறு வேலையைச் செய்யும் நிரல். பெயரும் பதிப்பு எண்ணும் சேர்த்து, பிறர் எடுத்துப் பயன்படுத்தும்படி கட்டி வைக்கப்பட்டது.

களஞ்சியம்: நிரலின் மூலக்கோப்புகளும் அவற்றில் யார், எப்போது, என்ன மாற்றினார் என்ற வரலாறும் சேர்ந்து இருக்கும் இடம்.

ஒற்றைக் களஞ்சியம்: பல பொதிகளின் மூலக்கோப்புகளை ஒரே களஞ்சியத்தில் வைத்துப் பராமரிப்பது. பயனர்களுக்கு ஒவ்வொரு பொதியும் தனித்தனியாகவே வெளியிடப்படலாம்.

ஆளுக்கொரு குறியேற்றம்: 1995 முதல் 2000 வரை

1995 அக்டோபரில் அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்த நான்மொழிக் கவிதை இணையத்தளத்தில் தமிழும் இடம்பெற்றது. தேசியக் கல்விக் கழக விரிவுரையாளரும் எழுத்தாளருமான நா. கோவிந்தசாமியும், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ குழுவினரும் அந்த முயற்சியின் பின்னால் இருந்தார்கள். நா. கோவிந்தசாமி உருவாக்கிய ‘கணியன்’ எழுத்துரு அமைப்பு தமிழை இணையத்தில் ஏற்றிய முன்னோடிக் கருவிகளில் ஒன்று. மலேசியாவில் முத்து நெடுமாறனின் ‘முரசு அஞ்சல்’ புழக்கத்தில் இருந்தது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வேறு பலர் வேறு பல எழுத்துருக்களைச் செய்தார்கள்.

உழைப்புக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒருவர் ‘க’வுக்குக் கொடுத்த எண்ணை இன்னொருவர் வேறு எழுத்துக்குக் கொடுத்திருந்தார். இங்கே தட்டச்சு செய்த மடல் அங்கே திறந்தால் புரியாத குறிகளாகத் தெரிந்தது. ஒருவர் எழுதிய நிரல் மற்றவருக்குப் பயன்படவில்லை.

இதைப் பேசித் தீர்க்க 1997 மே மாதம் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் முதல் தமிழ் இணைய மாநாடு கூடியது. 1999 பிப்ரவரியில் சென்னை மாநாடு தமிழ்99 விசைப்பலகையைப் பரிந்துரைத்தது. அதே ஆண்டு மே மாதம் நா. கோவிந்தசாமி காலமானார். 2000 ஜூலையில் மாநாடு மீண்டும் சிங்கப்பூரில் நடந்தபோது ‘உத்தமம்’ எனப்படும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் பிறந்தது. பின்னர் யூனிகோடு பரவலானதும் குறியேற்றச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்தது.

ஒரு சிக்கல் மட்டும் மிஞ்சி நின்றது. எண் பொதுவாகிவிட்டது, நிரல்கள் இன்னும் ஆளுக்கொரு இடத்தில் கிடந்தன. செய்தவருக்கு வேலை மாறினாலோ, உடல்நலம் குன்றினாலோ, அவர் மறைந்தாலோ அந்த நிரலைத் தொடர்ந்து பார்த்துக்கொள்வது யார்?

‘தமிழ்’ என்பதில் எத்தனை எழுத்து?

நம் பிள்ளைகள் மூன்று என்பார்கள். கணினியிடம் நேராகக் கேட்டால் ஐந்து என்னும். யூனிகோடு அதை த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகளாகச் சேமிப்பதே காரணம். ஆகவே குறுக்கெழுத்துப் புதிர், எழுத்துப்பிழை திருத்தி, சொல் விளையாட்டு என எதைச் செய்தாலும், முதலில் எழுத்துகளைச் சரியாகப் பிரிக்கும் சிறு நிரல் தேவை.

அந்தச் சிறு நிரலை மூன்று பேர் மூன்று இடத்தில் நகலெடுத்து வைத்துக்கொண்டால், ‘க்ஷ’ எழுத்தில் ஒரு பிழை தெரியவரும்போது ஒருவர் திருத்துவார், மற்ற இருவருக்கும் செய்தியே போகாது. ஒற்றைக் களஞ்சியத்தில் எழுத்துப் பிரிப்பான் ஒரு பொதி. புதிரும் திருத்தியும் விளையாட்டும் அதைச் சார்ந்த பொதிகள். பிரிப்பானைத் திருத்தியவுடன், சார்ந்துள்ள மூன்றும் சரியாக இயங்குகின்றனவா என்ற சோதனை தானாகவே ஓடும்படி அமைக்கலாம். சோதனையில் தேறிய பிறகு, மாறிய பொதிகளுக்கு மட்டும் புதிய பதிப்பு எண் கொடுத்து, சார்பு வரிசைப்படி வெளியிடுவார்கள்: முதலில் பிரிப்பான், பிறகு அதை நம்பியிருப்பவை.

பதிப்பு எண்ணுக்கும் இலக்கணம் உண்டு. 2.4.1 என்ற எண்ணில் கடைசி எண் கூடினால் பிழைத்திருத்தம். நடு எண் கூடினால் புது வசதி. முதல் எண் கூடினால் பழைய பயன்பாடு உடையக்கூடும் என்ற எச்சரிக்கை.

உலகில் நடந்தவை

2015 அக்டோபரில் ‘பேபல்’ என்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவியின் ஆறாம் பதிப்பு பல சிறு பொதிகளாகப் பிரிந்து வெளியானது. மூலநிரலை மட்டும் ஒரே களஞ்சியத்தில் வைத்துக்கொண்டார்கள். அவ்வளவு பொதிகளைக் கையால் வெளியிட முடியாது என்பதால் ‘லெர்னா’ என்ற துணைக்கருவி பிறந்தது.

2016 மார்ச் 22 அன்று இதன் மறுபக்கம் தெரிந்தது. ‘லெஃப்ட்-பேட்’ என்ற 11 வரிப் பொதியை அதை எழுதியவர் ஒரு பெயர்த் தகராறில் பொதுப் பதிவகத்திலிருந்து நீக்கிவிட்டார். அதை நம்பியிருந்த எண்ணற்ற மென்பொருள்களின் கட்டமைப்புப் பணி சில மணி நேரம் நின்றது. பொதி சிறியதுதான், ஆனால் அது ஒரே ஒருவர் கையில் இருந்தது.

தமிழுக்கு வந்த பயன்

‘கீமேன்’ விசைப்பலகைத் திட்டம் நமக்கு நல்ல எடுத்துக்காட்டு. பல மொழிகளின் விசைப்பலகைகள் கிட்ஹப்பில் ஒரே களஞ்சியத்தில் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் தனிக் கோப்புறை, தனிப் பதிப்பு எண், தனி வெளியீடு. தமிழ்99 வேண்டும் என்பவர் அதை மட்டும் இறக்கிக்கொள்ளலாம். அதைச் செய்தவர் விலகினாலும் மூலம் களஞ்சியத்தில் இருக்கும், வேறொருவர் திருத்தம் அனுப்பலாம்.

பைதான் மொழியில் எழுதப்பட்ட ‘ஓப்பன்-தமிழ்’ சற்று வேறுபட்டது. எழுத்துப் பிரித்தல், ஒலிபெயர்ப்பு, சொல் திருத்தி போன்ற பகுதிகள் ஒரே களஞ்சியத்தில் இருக்கின்றன, ஆனால் அவை ஒரே பொதியாகச் சேர்ந்து வெளிவருகின்றன. ஆக, ஒரே இடத்தில் வைப்பது ஒரு முடிவு, தனித்தனியாக வெளியிடுவது இன்னொரு முடிவு. தேர்வில் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

குறைகளும் இல்லாமல் இல்லை. களஞ்சியம் பெருக்கப் பெருக்கச் சோதனைகள் மெதுவாகும். யார் எதைத் திருத்தலாம் என்ற விதி தெளிவாக இல்லாவிட்டால் ஒருவரின் அவசரம் பலரின் பொதியைக் கெடுக்கும். தொடர்பே இல்லாத இரண்டு நிரல்களை ஒரே இடத்தில் வைப்பதால் பயன் குறைவு.

நம் பள்ளிகளில்

தேக்காவைச் சுற்றியுள்ள பள்ளிகளிலும் தீவின் மற்ற மூலைகளிலும் ஆசிரியர்கள் சொல் விளையாட்டு, சந்திப் பயிற்சி, புதிர் என்று தாங்களே செய்து வைத்துக்கொள்வது உண்டு. ஆசிரியர் பள்ளி மாறும்போது அவையும் அவரோடு போய்விடும். சங்க அளவில் ஒரு பொதுக் களஞ்சியம் இருந்தால், ஒவ்வொரு பயிற்சியும் தனிப் பொதியாக எல்லாப் பள்ளிக்கும் போகும். ஒரு பிழையைத் தோ பாயோவில் இருப்பவர் திருத்தினால் ஜூரோங்கில் இருக்கும் மாணவருக்கும் திருத்தம் கிடைக்கும். பெரிய செலவு எதுவும் வேண்டாம். பெயரிடும் முறை, திருத்தும் உரிமை, வெளியிடுமுன் சரிபார்க்கும் இருவர் என மூன்றையும் முதலில் முடிவு செய்தால் வேலையைத் தொடங்கிவிடலாம்.

மீள்பார்வை வினாக்கள்

1. பொதுக் குறியேற்றம் வந்த பிறகும் தீராத சிக்கல் எது? விளக்குக.
2. ‘கீமேன்’, ‘ஓப்பன்-தமிழ்’ இரண்டின் வெளியீட்டு முறைகளை ஒப்பிடுக.
3. எழுத்துப் பிரிப்பானில் ஒரு பிழை திருத்தப்படுகிறது. பதிப்பு எண் 1.3.0 எவ்வாறு மாறும்? காரணம் கூறுக.