டிரெய்லர் விளக்குகளின் மின்பழுது

டிரெய்லர் விளக்குகளின் மின்பழுது என்பது, டிராக்டர் அல்லது லாரியால் இழுக்கப்படும் டிரெய்லரின் பின்விளக்கு, பிரேக் விளக்கு, இண்டிகேட்டர் ஆகியவை எரியாமலோ முறைமாறி எரிந்தோ போகும் நிலையாகும். நாமக்கல் மாவட்டத்திலுள்ள கொல்லிமலைக்குக் காரவள்ளி வழியாகச் செல்லும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. இத்தகைய மலைச்சாலையில், முன்செல்லும் வண்டி வேகம் குறைவதைப் பின்வருவோருக்கு உணர்த்துவது பிரேக் விளக்கே என்பதால் இப்பழுது விபத்துக்கு வழிவகுக்கக்கூடியது.

அமைப்பு

டிரெய்லர் விளக்குகள், இழுக்கும் வண்டியின் மின்கல அடுக்கிலிருந்து வடமும் செருகியும் வழியாக மின்சாரம் பெறுகின்றன. டிராக்டர்களில் பொதுவாக 12 வோல்ட்டும், கனரக லாரிகளில் 24 வோல்ட்டும் பயன்படுகின்றன. 7 முனைச் செருகி பரவலாகக் காணப்படுகிறது. ஒவ்வொரு வகை விளக்குக்கும் தனிக் கம்பி உண்டு. மின்சாரம் திரும்பிச் செல்லும் எர்த் கம்பி மட்டும் அனைத்துக்கும் பொதுவானது. 12 வோல்ட்டில் 21 வாட் பல்பு ஒன்றுக்கு 1.75 ஆம்பியர் தேவை. எரியும் விளக்குகள் அனைத்தின் மின்னோட்டமும் எர்த் வழியே செல்வதால், அதில் ஏற்படும் குறை எல்லா விளக்குகளையும் பாதிக்கிறது.

அறிகுறிகளும் காரணங்களும்

* ஒரு விளக்கு மட்டும் எரியாமை: பல்பின் இழை அறுதல், ஹோல்டரில் துரு.
* இரு பிரேக் விளக்குகளும் எரியாமை: உருகி, பிரேக் சுவிட்சு அல்லது செருகி முனையில் பழுது.
* பிரேக் மிதிக்கும்போது பின்விளக்கு மங்குதல், இண்டிகேட்டருடன் பிற விளக்குகளும் மினுங்குதல்: எர்த் குறை. திரும்பும் வழி கிட்டாத மின்சாரம் பிற பல்புகளின் இழை வழியே செல்வதால் இது நிகழ்கிறது.
* உருகி அடிக்கடி எரிதல்: வடத்தின் உறை தேய்ந்து கம்பி இரும்பைத் தொடுதல்.

சோதனை முறை

# செருகியைக் கழற்றி, இழுக்கும் வண்டியின் முனைகளைச் சோதனை விளக்கால் பார்க்க வேண்டும். மின்சாரம் வந்தால் பழுது டிரெய்லர் பக்கம் உள்ளது.
# செருகியை மீண்டும் பொருத்தி, மின்கல அடுக்கின் எதிர்முனையிலிருந்து பழுதான விளக்கின் எர்த் முனைக்குத் தனிக் கம்பி இணைக்க வேண்டும். விளக்கு சரியாக எரிந்தால் எர்த்தே குறையுடையது.
# எர்த் இணைப்பிலுள்ள வண்ணப்பூச்சையும் துருவையும் சுரண்டி இறுக்க வேண்டும்.

டிரெய்லரைக் கோக்கும் கொக்கியை எர்த்தாக நம்புதல் தவறு. அங்குள்ள கிரீசும் துருவும் மின்சாரத்தைத் தடுக்கும். எரிந்த உருகிக்குப் பதில் கூடுதல் ஆம்பியர் உருகியோ வெறுங்கம்பியோ இட்டால் கம்பிகள் சூடேறித் தீப்பிடிக்கலாம்.

மலைச்சாலைகளில்

கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது, நீளம் குறைந்த வடம் இழுபட்டு அறும். மிகத் தொங்கும் வடம் சாலையில் உரசித் தேயும். மழையும் பனிமூட்டமும் செருகி முனைகளில் களிம்பு ஏறச் செய்கின்றன. எனவே அடிவாரத்திலேயே வண்டியை நிறுத்தி, ஒருவர் பிரேக் மிதிக்க மற்றவர் பின்னின்று பார்ப்பது நன்று. சிவப்பு எதிரொளிப்பான்கள் மின்சாரமின்றிப் பயன்படுமாயினும், பின்வரும் வண்டியின் ஒளி படும்போது மட்டுமே தெரிவதால் பிரேக் விளக்குக்கு மாற்றாகா.