கதவை மறிக்கும் கணக்கு: சாகச வீடியோ விளையாட்டுகளில் கணிதப் புதிர்கள்

நம் சங்கத்துக் குடும்பங்களில் வீடியோ கேம் இல்லாத வீடு இன்று அபூர்வம். "அதுல என்ன இருக்கு, சுடறதும் குதிக்கிறதும்தானே" என்று பெரியவர்கள் நாம் ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் அவற்றில் சாகச விளையாட்டு, அதாவது அட்வென்ச்சர் கேம், என்ற வகை தனி. அங்கே கைவேகம் மட்டும் போதாது. பூட்டிய கதவின் முன்னால் ஒரு புதிர் நிற்கும். அதை விடுவித்தால்தான் கதை நகரும். அந்தப் புதிர்களில் பெரும்பங்கு கணக்கு. இவை எங்கிருந்து வந்தன, எவை உண்மையான சோதனை, எவை வெறும் ஒட்டுவேலை என்று எனக்குத் தெரிந்த அளவில் இங்கே எழுதுகிறேன்.

கணக்கைக் கதையில் பொதிந்து கொடுப்பது பழைய வழக்கம். 9-ஆம் நூற்றாண்டில், இராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில் வாழ்ந்த எங்கள் சமண ஆசாரியர் மகாவீரர் ‘கணித சார சங்கிரகம்’ என்ற வடமொழி நூலைச் செய்தார். (24-ஆம் தீர்த்தங்கரர் வேறு, இவர் வேறு.) பேராசிரியர் ரங்காசாரியார் இதை ஆங்கில மொழிபெயர்ப்போடு பதிப்பிக்க, 1912-இல் சென்னையில் அச்சேறியது. அதில் ஒரு கணக்கு: ஒரு பெண்ணின் முத்து மாலை அறுந்துபோகிறது. மூன்றில் ஒரு பங்கு ஒரு பக்கம், ஆறில் ஒரு பங்கு இன்னொரு பக்கம் விழுகின்றன. மீதியில் பாதி, அதன் மீதியில் பாதி என்று ஆறு தடவை சிதறிய பிறகு மிஞ்சியவை 1,161 முத்துகள். மொத்தம் எத்தனை? பின்னாலிருந்து வந்தால் சுலபம்: 1,161-ஐ ஏழு தடவை இரட்டிக்க, 1,48,608. மாலை ஏன் அறுந்தது என்பதையும் ஆசாரியர் சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் படிக்கும் மலர் என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

இங்கே கதை, கணக்குக்குப் போர்த்திய சால்வை. முத்துக்குப் பதிலாக மிளகு என்று வைத்தாலும் விடை மாறாது. சாகச விளையாட்டில் நிலைமை தலைகீழ். கதைதான் பாதை, கணக்கு அதில் குறுக்கே கிடக்கும் கல்.

இந்த வகைக்குப் பெயர் கொடுத்த முதல் விளையாட்டு அமெரிக்காவில் வில் கிரவுதர் என்பவர் 1970-களின் நடுவில் எழுதியது. அவர் கம்ப்யூட்டர் புரோகிராமர்; குகைகளுக்குள் இறங்கி ஆராய்வதிலும் ஈடுபாடு உள்ளவர். 1977-இல் டான் வுட்ஸ் அதை விரிவாக்கினார். படமே கிடையாது, எல்லாம் எழுத்து. அதில் ஒரு புதிர்வழி உண்டு: எந்த அறைக்குப் போனாலும் வர்ணனை அச்சு மாறாமல் ஒன்றே. இருக்கும் இடம் தெரியாமல் சுற்ற வேண்டியதுதான். தப்பிக்க ஒரு வழி, கையிலுள்ள சாமான்களை அறைக்கு ஒன்றாகப் போட்டு அடையாளம் வைத்து வரைபடம் போடுவது. பிரான்சில் திரெமோ என்பவர் வகுத்த முறையும் ஏறக்குறைய இதுதான். அவர் அறைக்குப் பதிலாக வழிகளில் குறி வைத்தார். அதை 1882-இல் தம் பொழுதுபோக்குக் கணித நூலில் அச்சிட்டவர் எதுவார் லூக்கா என்ற கணித ஆசிரியர்.

இந்த லூக்காவை விட்டு இந்த வரலாற்றை எழுத முடியாது. 1883-இல் அவர் மூன்று குச்சிகளும் சில வட்டுகளும் கொண்ட ஒரு பெட்டியை விற்பனைக்கு விட்டார். அதுதான் ஹனோய் கோபுரம். ஒரு தடவைக்கு ஒரு வட்டு. சிறியதன் மேல் பெரியது கூடாது. முழு அடுக்கையும் வேறு குச்சிக்கு மாற்ற வேண்டும். மூன்று வட்டுக்கு 7 நகர்த்தல், நான்குக்கு 15, ஐந்துக்கு 31. ஒவ்வொரு வட்டு கூடும்போதும் முன்னதை இரட்டித்து ஒன்று கூட்ட வேண்டும். காசியில் ஒரு கோயிலில் 64 தங்க வட்டுகளை அந்தணர்கள் மாற்றிக்கொண்டே இருக்கிறார்களாம், முடிந்ததும் உலகம் முடியுமாம். காசிக்குப் போய்த் தேட வேண்டாம். அது பாரிஸில் கட்டிய கதை. நொடிக்கு ஒன்றாக நகர்த்தினாலும் சுமார் 58,500 கோடி ஆண்டு ஆகும் என்பது மட்டும் நிஜம்.

இந்தக் கோபுரம்தான் பின்னர் விளையாட்டுக்கு விளையாட்டு குடிபெயர்ந்தது. 1988-இல் ‘ஜோர்க் ஜீரோ’, 2003-இல் ‘நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக்’, 2007-இல் ‘மாஸ் எஃபெக்ட்’. காரணம் எளிது. புரோகிராம் எழுதுவது சுலபம், சரியா தப்பா என்று யந்திரமே பார்த்துக்கொள்ளும், மொழி தேவையில்லை, வட்டைக் கூட்டினால் கடினமும் கூடும். ஆனால் பாழடைந்த கல்லறையில் எவனோ இதை ஏன் வைத்தான் என்று கேட்டால் பதில் கிடையாது. ‘மாஸ் எஃபெக்ட்’டில் இன்னொரு வேடிக்கை: வழியில் சேர்த்த சரக்கைக் கொஞ்சம் செலவழித்தால் கோபுரத்தைத் தொடாமலே கடந்துவிடலாம். காசு கொடுத்துக் கடக்கிற சுங்கச் சாவடிக்குப் புதிர் என்று பெயர் எதற்கு? வியாபாரியான எனக்கே அது பிடிக்கவில்லை.

ஜப்பான்காரர்கள் இதை நேர்மையாக அணுகினார்கள். ‘பேராசிரியர் லேட்டன்’ விளையாட்டு 2007-இல் அங்கே வெளிவந்தது. புதிர்களுக்குப் பொறுப்பு அகிரா தாகோ என்ற உளவியல் பேராசிரியர். 1966 முதல் மூளைப் பயிற்சிப் புத்தகங்களால் பெயர் பெற்றவர், 2016-இல் காலமானார். ஒரு கிராமம், பார்க்கிறவர் எல்லாம் புதிர் போடுகிறார்கள். புதிரைக் கதைக்குள் ஒளிக்காமல், இந்த ஊர்க்காரர்கள் இப்படித்தான் என்று சொல்லிவிடுகிறது கதை. தப்பாகச் சொன்னால் மதிப்பெண் குறையும். துப்பு வேண்டுமானால் தேடிச் சேர்த்த காசைக் கொடுக்க வேண்டும். விடை மட்டும் விலைக்குக் கிடைக்காது.

அதில் ஒரு தராசுக் கணக்கு உண்டு. எட்டு எடைக்கற்கள், ஒன்று மட்டும் இலேசு. குறைந்தது எத்தனை நிறுவையில் கண்டுபிடிக்கலாம்? தராசு பிடித்துப் பழகிய என் சிநேகிதர்களிடம் கேட்டேன். எல்லோரும் நாலுக்கு நாலு, ரெண்டுக்கு ரெண்டு, ஒண்ணுக்கு ஒண்ணு, ஆக மூணு என்றார்கள். இரண்டே போதும். மூன்றுக்கு மூன்று வைக்க வேண்டும். சமமாக நின்றால் வெளியே உள்ள இரண்டை நிறுக்கலாம். ஒரு தட்டு உயர்ந்தால் அந்த மூன்றில் ஒன்றுக்கு ஒன்று. அதுவும் சமமானால் மிச்சமுள்ளதுதான் இலேசு. தட்டில் ஏறாத கல்லும் சாட்சி சொல்லும் என்பது முப்பது வருஷம் கடை நடத்தியவனுக்கே புதிசாக இருந்தது.

இனி பத்தாண்டு பின்னால் போகிறேன். எல்லாவற்றிலும் உயர்ந்தது என்று நான் நினைப்பதைக் கடைசிக்கு வைத்தேன். ‘மிஸ்ட்’ (1993) விளையாட்டை உருவாக்கிய மில்லர் சகோதரர்களின் சயான் நிறுவனம் 1997-இல் ‘ரிவன்’ வெளியிட்டது. அதில் ஒரு தீவுக் கிராமம், அங்கே ஆளில்லாத பள்ளிக்கூடம். உள்ளே ஒரு பொம்மை. இயக்கினால் புரியாத குறி ஒன்று தோன்றும். தொங்கவிட்ட மனித உருவம் படிப்படியாகக் கீழே இறங்கும். அடியில் வாயைத் திறந்தபடி ஒரு கடல் மிருகம். எத்தனை படி இறங்கியது என்று எண்ணினால் குறியின் மதிப்பு தெரியும். அந்த ஊர்ப் பிள்ளைகள் எண் படிக்கும் பாடம் அது. அந்த ஜனங்களை ஆள்பவன் எப்படிப்பட்டவன் என்பதும் அதிலேயே புரிந்துவிடுகிறது!

பொம்மை பத்து வரைதான் கற்றுக்கொடுக்கும். மேற்கொண்டு நாமே ஊகிக்க வேண்டும். ஒன்றின் குறியைக் கால் வட்டம் திருப்பினால் ஐந்து, இரண்டின் குறியைத் திருப்பினால் பத்து. அப்படியானால் மூன்றைத் திருப்பினால் பதினைந்து. திருப்பியதையும் திருப்பாததையும் ஒரே கட்டத்தில் சேர்த்தால் இடைப்பட்ட எண்கள். நமக்குப் பத்து எப்படியோ, அவர்களுக்கு இருபத்தைந்து அப்படி. வெளியே கற்ற கணிதம் எதுவும் தேவையில்லை. கவனமாகப் பார்த்தால் போதும்.

பின்னால் ஒரு கோளத்தின் பூட்டைத் திறக்க ஐந்து எண்கள் வேண்டும். அவை அதே குறிகளில் ஒரு குறிப்பேட்டில் எழுதியிருக்கும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அந்த எண்களை யந்திரம் புதிதாகத் தேர்ந்தெடுக்கிறது. ஆகவே அண்ணன் எழுதி வைத்த ஐந்து எண் தம்பிக்கு உதவாது. அவனும் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய், பொம்மையின் முன்னால் நின்று, படிகளை எண்ணித்தான் ஆக வேண்டும்.