வில்லாவும் வாரமும்: லா ஃபோச்சே பண்ணையின் சொல்வழி வரலாறு

இத்தாலிய வேளாண் வரலாற்று நூல்களைத் தமிழாக்குவோர் முதலில் எதிர்கொள்ளும் சொல் ‘வில்லா’ என்பதாகும். தமிழ் வழக்கில் இச்சொல் தோட்டம் சூழ்ந்த தனிவீட்டையே குறிக்கின்றது. ‘மாளிகை’ என மொழிபெயர்த்தாலும் வீடு எஞ்சுகிறது, நிலம் மறைந்துவிடுகிறது. டஸ்கனியின் தென்பகுதியில் ஒர்ச்சா பள்ளத்தாக்கில் அமைந்த லா ஃபோச்சே பண்ணையின் வரலாற்றை அதன் சொற்களின் வழியே காண்பது இவ்விழப்பின் அளவைப் புலப்படுத்தும்.

1. சொல்லின் தொன்மை

இலத்தீனில் ‘வில்லா’ என்பது பண்ணைக் கட்டடமாகும். கி.பி. முதல் நூற்றாண்டினரான கொலுமெல்லா அதனை மூன்று பகுதிகளாகப் பிரித்தார். அவை உடைமையாளர் உறையும் பகுதி, உழைப்போரும் கால்நடைகளும் தங்கும் பகுதி, விளைபொருள் சேமிக்கும் பகுதி என்பன. வில்லாவைச் சார்ந்து வாழ்ந்த உழவனைக் குறித்த சொல் இத்தாலியத்தில் ‘வில்லானோ’ என்றாகிப் பண்பற்றவனையும், ஆங்கிலத்தில் ‘வில்லன்’ என்றாகித் தீயவனையும் குறிக்கலாயிற்று. தமிழ்த் திரைப்பட வழக்கிலுள்ள ‘வில்லன்’ ஆங்கிலவழி வந்ததே. ஒரே வேரிலிருந்து உடைமையாளரின் வீட்டுக்கு உயர்பொருட்பேறும் உழவனுக்கு இழிபொருட்பேறும் வாய்த்தமை கருதத்தக்கது.

2. பண்ணையின் அமைப்பு

லா ஃபோச்சேயின் மூலக் கட்டடம் 15ஆம் நூற்றாண்டின் இறுதியில், சியெனா நகரின் சாந்தா மரியா தெல்லா ஸ்காலா மருத்துவமனையின் உடைமையாக, வழிப்போக்கர்க்கான விடுதியாக எழுந்தது. 1924இல் அந்தோனியோ ஒரீகோவும் அவர் மனைவி ஐரிஸ் ஒரீகோவும் இதனை வாங்கினர். அரிப்புற்ற களிமண் குன்றுகளைத் திருத்தி, சாலைகள் அமைத்து, பள்ளியும் மருத்துவ நிலையமும் நிறுவினர். வீட்டின் தோட்டத்தை ஆங்கிலக் கட்டடக் கலைஞர் செசில் பின்சென்ட் வடிவமைத்தார். நிலம் 57 உழவர் நிலங்களாகப் பகுக்கப்பட்டிருந்தது.

இங்கு மூன்று சொற்கள் இன்றியமையாதன. ஒரு குடும்பம் குடியிருந்து உழும் நிலமும் வீடும் சேர்ந்தது ‘பொதேரே’. பல பொதேரேக்களை நிருவகிக்கும் மையம் ‘ஃபத்தோரியா’. அதன் காரியஸ்தர் ‘ஃபத்தோரே’. வில்லா இவ்வமைப்பின் தலைமை இடமேயன்றித் தனித்து நின்ற மாளிகை அன்று. 1943-44ஆம் ஆண்டுகளின் போர்க்காலத்தில் குண்டுவீச்சுக்குத் தப்பிய குழந்தைகளுக்கு ஒரீகோ தம்பதியர் புகலிடம் அளித்தனர். தப்பி வந்த போர்க்கைதிகளுக்கு உழவர்களும் உணவளித்தனர். அந்நாள்களை ஐரிஸ் ஆங்கிலத்தில் எழுதிய நாட்குறிப்பு 1947இல் அச்சேறியது.

3. பாதி என்னும் பெயர்

பண்ணையையும் உழவரையும் பிணைத்த ஒப்பந்தம் ‘மெட்ஸாத்ரியா’ ஆகும். இதன் வேர் ‘பாதி’ எனப் பொருள்படும். உடைமையாளர் நிலமும் வீடும் தர, உழவர் குடும்பம் உழைப்பைத் தந்தது. விளைச்சல் இருவருக்கும் பாதியாயிற்று. ஒப்பந்தம் தனியாளுடன் அன்றிக் குடும்பத்துடன் செய்யப்பட்டது.

போருக்குப் பின் உழவர்கள் கூடுதல் பங்கு கோரிப் போராடினர். நாட்குறிப்பு வெளிவந்த அதே 1947இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி உழவர் பங்கு 53 விழுக்காடாயிற்று. 1964ஆம் ஆண்டுச் சட்டம் அதனை 58 விழுக்காடாக உயர்த்தியதோடு புதிய ஒப்பந்தங்களையும் தடைசெய்தது. 1982ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியவற்றைக் குத்தகையாக மாற்ற வழிவகுத்தது. பங்கு பாதியைக் கடந்த பின்னரும் ‘பாதி’ என்ற பெயரே நீடித்தது. இதற்கிடையே உழவர் பலர் நிலத்தைவிட்டு நகர்ப்புறத் தொழில்களை நாடிச் சென்றனர்.

4. மொழிபெயர்ப்பு நோக்கு

மெட்ஸாத்ரியா உழவரைப் ‘பண்ணையாள்’ என்பது பொருந்தாது. அவர் கூலி பெற்றவர் அல்லர். ‘குத்தகைதாரர்’ என்பதும் பொருந்தாது. அவர் நிலையான தொகை செலுத்தியவர் அல்லர். விளைச்சலைப் பகிரும் முறையைக் குறிக்கும் ‘வாரம்’ என்னும் தமிழ்ச்சொல்லே நெருங்கியது. மேல்வாரம், குடிவாரம் என்னும் வழக்குகளில் பங்கின் அளவு பெயரிலேயே உறைந்துவிடவில்லை. ஆதலின் 1947க்கு முந்தைய சூழலில் ‘பாதிவாரம்’ எனலாம். பிந்தைய சூழலில் ‘வாரம்’ என்றே வழங்குதல் தகும். அங்குப் ‘பாதி’ என எழுதுவது உழவர் போராடிப் பெற்ற எட்டு விழுக்காட்டை மொழிபெயர்ப்பில் மீண்டும் பறிப்பதாகும். ‘வில்லா’வை ஒலிபெயர்ப்பின் ‘பண்ணைத் தலைமனை’ என்னும் விளக்கத்தை உடன் தருதல் வேண்டும்.