தூத்தூராரும் ஆழ்கடலும்

கடலோடிய தமிழர் என்றவுடன் சோழரின் கலங்களையே நாம் எண்ணுகின்றோம். குமரி மாவட்டத்தின் மேற்கோரத்தில் இரையுமன்துறை முதல் நீரோடி வரை அமைந்த தூத்தூர் வட்டாரத்து மீனவச் சிற்றூர்கள் நம் நினைவுக்கு வருவதில்லை.

1953இல் கேரளத்து நீண்டகரையில் தொடங்கிய இந்திய-நார்வே திட்டம் விசைப்படகைக் கொணர்ந்தது. எனினும் அப்படகுகள் பெரிதும் கரையோர இறாலையே நாடின. 1977இல் 200 கடல் மைல் வரை நமது பொருளாதார மண்டலமாயிற்று. அத்துணைத் தொலைவு நம் மீனவரால் இயலாதெனக் கருதிய அரசு, 1991இல் கூட்டு முயற்சி என்னும் பெயரால் அயல்நாட்டுக் கப்பல்களுக்கு வழிவிட்டது. கோப்புகளோடு பழகிய நமக்கு இத்தகைய கருத்துகள் பிறக்கும் விதம் புதிதன்று! மீனவர் நாடெங்கும் போராடினர். 1996இல் முராரி குழு அவ்வுரிமங்களை நீக்கப் பரிந்துரைத்தது.

இதற்கிடையே தூத்தூரார், கட்டுமரத்தில் பழகிய தூண்டில் தொழிலை விசைப்படகுக்கு ஏற்றியிருந்தனர். பனிக்கட்டி, அரிசி, குடிநீர் ஆகியவற்றுடன் கொச்சியிலிருந்து புறப்படும் பத்துப் பன்னிருவர் ஒரு திங்கள் வரையும் கடலிலேயே தங்குவர். நூற்றுக்கணக்கான தூண்டில்கள் கோத்த நெடுங்கயிற்றை விரித்துச் சுறாவும் சூரையும் பிடிப்பர். இலட்சத்தீவுக்கு அப்பாலும் குஜராத்துக் கடலிலும் அவர்கள் அறியாத மீன்வெளி அரிது.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் எழுந்தபோது பல படகுகள் நெடுந்தொலைவில் இருந்தன. படகிலிருந்த வானொலிக் கருவிக்கு அவ்வளவு வீச்சில்லை, எச்சரிக்கை எட்டவில்லை. குமரி மாவட்டத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் திரும்பவில்லை. உடல் கிடைக்காதவரை இறந்தவராகக் கொள்ள ஏழாண்டு காத்திருத்தல் வேண்டும் என்பது விதி. அக்குடும்பங்களுக்காக அது தளர்த்தப்பட்டது.