வெந்நீரில் பயணிக்கும் உலோகங்கள்

நிலத்தடியில் சூடேறிய உப்புநீர் பாறைகளிலிருந்து செம்பு, ஈயம், துத்தநாகம், வெள்ளி போன்றவற்றைக் கரைத்தெடுத்து, வெடிப்புகள் வழியே சுமந்து சென்று, வேறோரிடத்தில் தாதுவாகப் படியவைக்கிறது. இந்த நீரைப் புவியியலார் நீர்வெப்பக் கரைசல் என்கின்றனர். இதில் உப்பின் பங்கு என்ன என்பது விளங்க நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

சுரங்க ஊர்களில் மருத்துவராக இருந்த ஜெர்மானியர் ஜார்ஜியஸ் அக்ரிக்கோலா, பாறைப் பிளவுகளில் ஓடும் சாறுகளே தாதுக்களை உண்டாக்குகின்றன என்று 1546இல் எழுதினார். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் புவியியலார் வெர்னர், கடல்நீர் மேலிருந்து பிளவுகளுக்குள் இறங்கியது என்றார். மற்றொரு புவியியலார் ஹட்டன், உருகிய பொருள் கீழிருந்து ஏறியது என்றார். இருவர் கையிலும் நேரடிச் சான்று இல்லை. அது 1858இல் இங்கிலாந்தின் ஹென்றி கிளிஃப்டன் சார்பியிடமிருந்து வந்தது. படிகங்களை மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் பார்த்த அவர், உள்ளே அடைபட்ட நீர்த்துளிகளைக் கண்டார். பலவற்றில் ஒரு குமிழி. சிலவற்றில் கனசதுர உப்புப் படிகமும் இருந்தது. சூடாக்கினால் குமிழி சுருங்கி மறையும். அது மறையும் வெப்பநிலையைக் கொண்டு படிகம் உருவானபோது இருந்த சூட்டைக் கணிக்கலாம். அடைபட்ட நீர்த்துளிகளை ஆராயும் துறையின் அடித்தளமே இந்த எளிய சோதனைதான்.

ஆனாலும் ஒரு சிக்கல் தீரவில்லை. ஈய சல்பைடும் துத்தநாக சல்பைடும் தூய நீரில் கரைவதே இல்லை எனலாம். அப்படியிருக்க, ஒரு சுரங்கத்தை நிரப்பும் அளவு தாதுவை நீர் எப்படிச் சுமந்தது?

விடை 1962இல் கலிபோர்னியாவின் சால்டன் கடலருகே கிடைத்தது. நிலவெப்ப ஆற்றலுக்காகத் தோண்டிய ஆழ்துளைக் கிணற்றிலிருந்து, ஆழத்தில் 300 டிகிரி செல்சியசுக்கும் மேல் சூடாயிருந்த நீர் பீறிட்டது. அதன் எடையில் கால்வாசி உப்பு. மூன்று மாதத்தில் வெளியேற்றக் குழாயின் உட்சுவரில் பல டன் கரும்படிவு சேர்ந்துவிட்டது. அதில் செம்பு ஏறத்தாழ 20 விழுக்காடு. வெள்ளி சில இடங்களில் 6 விழுக்காடு வரை இருந்தது. தாது உருவாவதை மனிதர் கண்ணெதிரே பார்த்த நாள்கள் அவை.

அந்த உப்பிலேயே விடை இருந்தது. உப்பிலுள்ள குளோரைடு அயனிகள் உலோக அயனியைச் சூழ்ந்து பிணைந்து, அதைக் கரைந்த நிலையிலேயே வைத்திருக்கின்றன. சூடு இதற்குத் துணைசெய்கிறது. நீரின் மின்காப்பு மாறிலி 25 டிகிரியில் ஏறத்தாழ 80. 300 டிகிரியில் 20. எதிரெதிர் அயனிகளைப் பிரித்துவைக்கும் வலுவை நீர் இழக்க, குளோரைடு உலோகத்தை இறுகப் பற்றுகிறது. நீர் குளிர்ந்தாலோ, நன்னீர் கலந்தாலோ, சுண்ணப்பாறை அமிலத்தன்மையைக் குறைத்தாலோ அந்தப் பிடி தளர்ந்து தாது படியும்.

1979இல் ஆல்வின் நீர்மூழ்கி கிழக்குப் பசிபிக் மேட்டில் கண்ட கரும்புகைக் குழாய்கள் இதையே கடலடியில் காட்டின. 350 டிகிரி அளவிலான நீர் குளிர்ந்த கடல்நீரைத் தொட்டதும் சல்பைடுத் துகள்கள் கரும்புகையாய்க் கிளம்பின. வெப்பமானியின் பிளாஸ்டிக் பிடி உருகத் தொடங்கியது.

தங்கத்தின் வழி வேறு. பல படிவுகளில் அது குளோரைடைவிட ஹைட்ரஜன் சல்பைடிலிருந்து வரும் கந்தக அயனிகளையே நாடுகிறது. நீர் கொதித்து அந்த வாயு பிரிந்ததும் தங்கம் தங்கிவிடுகிறது. பப்புவா நியூ கினியின் லிஹிர் தீவில் ஆழ்கிணற்று நீரை ஆராய்ந்து 2006இல் வெளியான ஆய்வு, அதில் நூறு கோடிக்கு 15 பங்கு அளவில் தங்கம் இருப்பதைக் காட்டியது. இவ்வளவு நீர்த்த கரைசலிலிருந்தே அங்குள்ள 1,300 டன் தங்கமும் சுமார் 55,000 ஆண்டுகளில் சேர்ந்திருக்க முடியும் என்பது அதன் கணிப்பு.