மாற்றும் மதிப்பீடும்



பங்காருபேட்டை நிலையத்தில் இறங்கி மாரிக்குப்பம் செல்லும் கிளைப்பாதையில் ஏறுவோர் சிறிது தொலைவிலேயே பெரும் மண்மேடுகளைக் காண்பர். கோலார் தங்கவயலின் பாறையைப் பொடித்துப் பொன்னைப் பிரித்தெடுத்தபின் எஞ்சிய மண் அது. 'இது பொன், இது மண்' என்று பிரிப்பது எளிதெனத் தோன்றும். பொன்னையே தொழிலாகக் கொண்டோர் ஒருபோதும் அவ்வாறு எண்ணியதில்லை.

'பொன்னா, அன்றா?' என்பதன்று தட்டாரின் கேள்வி, 'எத்தனை மாற்று?' என்பதே. உரைகல்லில் நகையை உரைத்து, மாற்றறிந்த ஆணியின் கோட்டை அதனருகே இழுத்து, இரண்டின் நிறத்தையும் ஒப்பிடுவார். 1010-ஆம் ஆண்டில் நிறைவெய்திய தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் கல்வெட்டுக்களில், 'தண்டவாணி' என்னும் தரத்திற்குக் கால் மாற்றுத் தாழ்ந்த பொன் என்றே குறித்திருக்கின்றனர். தாழ்ந்ததாயினும் அது பொன்னே. எவ்வளவு பொன் என்பதே செய்தி.

கணிதம் இவ்வழிக்கு வர நெடுங்காலம் ஆயிற்று. ஒரு பொருள் ஒரு கணத்தினுள் இருக்கும், அல்லது வெளியே இருக்கும் என்பதே அதன் பழைய விதி. பாகு நகரில் பிறந்து அமெரிக்காவின் பெர்க்லியில் பேராசிரியராயிருந்த லோத்பி சாதே என்பவர் 1965-இல் இவ்விதியைத் தளர்த்தினார். ஒரு பொருள் ஒரு கணத்தில் பாதியளவோ முக்காலளவோ உறுப்பாகலாம் என்றார். இதனை 'பஸ்ஸி' கணம், அதாவது மங்கலான கணம் என்பர். மங்கல் எல்லைக் கோட்டிற்கே உரியது, கணக்கிற்கு அன்று. 1970-களில் லண்டனில் மம்தானி என்ற பேராசிரியர் இம்முறையால் ஒரு சிறு நீராவி இயந்திரத்தை இயக்கிக் காட்டியபின், தொழில்துறை இதனை நாடத் தொடங்கிற்று.

சுரங்கத்தில் இதற்கு என்ன வேலை? கோலாரில் சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. அவ்வாழத்தில் மேலுள்ள பாறையின் பளு தாளாமல் சுவர் திடீரென வெடித்துச் சிதறும். வட ஆர்க்காட்டிலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் வந்த எத்தனையோ தொழிலாளர் இவ்வெடிப்புக்களில் மடிந்தனர். வெட்டியெடுத்த இடங்களில் கருங்கல்லை அடுக்கித் தாங்கு கொடுத்தும் வெடிப்பு முற்றும் நிற்கவில்லை. ஆகவே 'இன்று உள்ளே ஆளை அனுப்பலாமா?' என்ற கேள்வி உயிரைப் பற்றியது.

பாறையை மதிப்பிட 1973-இல் பியனியாவ்ஸ்கி என்பவர் நூறு புள்ளி கொண்ட ஒரு முறையை வகுத்தார். அதன்படி 61 பெற்ற பாறை நல்லது; 60 பெற்றது நடுத்தரமானது. ஒரு புள்ளிக்குள் பாறையின் இயல்பு மாறிவிடுமா? விரிசல்களின் நெருக்கத்தையும் நீர்க்கசிவையும் கண்ணால் பார்த்துப் புள்ளியிடுவோர் இருவர், அதே சுவருக்கு இருவேறு எண் தருவர். மங்கலான கணமோ அப்பாறையை ஏறக்குறையப் பாதி நல்லது, பாதி நடுத்தரம் எனக் கொண்டு, இரண்டின் எச்சரிக்கைகளையும் கணக்கில் சேர்க்கும். 1980-களிலிருந்து பாறையியலார் பலர் இவ்வழியில் ஆராய்ந்துள்ளனர்.

இதனை மந்திரமெனக் கொள்ளலாகாது என்பது என் கருத்து. மதிப்பீடு படிப்படியாக இருக்கலாம். முடிவு அவ்வாறு இராது. பாதி ஆளைச் சுரங்கத்தில் இறக்க முடியாதல்லவா? எந்தப் படியில் நிறுத்துவது என்பதை மனிதரே வகுக்கவேண்டும். படிகளுக்குரிய எண்களும் பட்டறிவுடையோரிடமிருந்தே வரவேண்டும். கடப்பாரையால் கூரையைத் தட்டி, 'கணீர்' என்ற ஒலிக்கும் 'பொத்' என்ற ஒலிக்கும் இடைப்பட்ட ஒலிகளையெல்லாம் பிரித்தறிந்த காதுகள் சுரங்கத் தொழிலாளரிடம் இருந்தன. அக்காதுகளே அவர்களுடைய உரைகல்.

தங்கவயலில் 1988-இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் அமைந்தது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. பாறை அதிர்வுகளைக் கருவிகள் பதிந்த ஏடுகள் உண்டு. தட்டிக் கேட்டோர் தம் காதால் அறிந்ததை எண்ணாக்கி எழுதி வைத்திருந்தால், அவையும் அவ்வேடுகளின் அருகே இடம்பெற்றிருக்கும்.