நீல ஐதரேஞ்சியாவும் மலையக மண்ணும்

வீட்டு முற்றத்துப் பூஞ்செடியொன்றுக்கு வரலாறு உண்டா என்னும் வினா, வரலாற்றை மன்னர்களினதும் ஆளுநர்களினதும் வரிசையாகக் கற்றோர்க்கு விந்தையாகத் தோன்றலாம். நுவரெலியாப் பகுதியில் நீலக் கொத்துக்களாகப் பூக்கும் ஐதரேஞ்சியாவைக் கொண்டு அவ்வினாவை இங்கு நோக்குவோம்.

முதலில் அந்த நீலம் எங்கிருந்து வருகிறது என்பது தெளிவுபடுதல் வேண்டும். நாம் பூவிதழ்கள் எனக் கருதுவன உண்மையிற் புல்லிகளே. இளஞ்சிவப்புப் பூவிலும் நீலப் பூவிலும் உள்ள நிறப்பொருள் ஒன்றே. மண் அமிலத்தன்மை உடையதாயின் அதிலுள்ள அலுமினியம் கரைந்து, வேர்வழியே ஏறி, நிறப்பொருளுடன் இணைந்து நீலத்தைத் தோற்றுவிக்கிறது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் அலுமினியம் கரையாது கட்டுண்டு கிடப்பதால் அதே செடி இளஞ்சிவப்பாகப் பூக்கிறது. ஆகவே நீலம் செடியின் தனிச்சொத்தன்று. செடிக்கும் மண்ணுக்குமிடையிலான உறவின் விளைவு. அழகு பொருளிலேயே உறைந்து கிடக்கிறதென வாதிடும் நமது அழகியலாளர் இதனைச் சற்று உற்றுநோக்குதல் நன்று. துருப்பிடித்த ஆணிகளைப் புதைத்தாற் பூ நீலமாகும் என்னும் நம்பிக்கை பரவலாக உண்டு. இரும்புக்கு இதிற் பங்கில்லை. படிகாரம் பலிப்பதற்குக் காரணம் அதிலுள்ள அலுமினியமே.

வீட்டில் நீலம் வேண்டுவோர் மண்ணின் பீ.எச். பெறுமானம் 5.5க்கு மேற்படாது காத்தல் வேண்டும். பொசுபேற்று உரம் அலுமினியத்தைப் பிணித்துவிடுமாதலால் அதனை அளவோடிடல் வேண்டும். சீமெந்துச் சுவரோரமும் ஆகாது. சுவரிலிருந்து சுண்ணாம்பு கசியும். வெள்ளை வகைகளை எம்முயற்சியும் நீலமாக்காது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தையும் வெயிலையும் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

செடியின் தாயகம் யப்பான். 8ஆம் நூற்றாண்டின் மன்யோசூ என்னும் பாடற்றொகையிலேயே அது இடம்பெறுகிறது. ஐரோப்பிய அறிவுலகிற்கு அதனை விவரித்தவர், நாகசாகியின் தெஜிமாத் தீவில் 1775–1776இல் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் மருத்துவராயிருந்த கார்ல் பீற்றர் துன்பேர்க். அவரது யப்பானியத் தாவர நூல் 1784இல் வெளிவந்தது. 1658 முதல் 1796 வரை இலங்கைக் கரையோரத்தை ஆண்டதும் அதே கம்பனியே. யப்பானை விட்டகன்றபின் 1777இல் துன்பேர்க் இலங்கைக்கும் வந்தார். தாவரவியல் அந்நாளில் வணிக மூலதனத்தின் கப்பலிலேயே பயணஞ் செய்தது. 1789இல் யோசப் பாங்ஸ் சீனாவிலிருந்து இச்செடியைக் கியூ தோட்டத்திற்குப் பெற்றார். பின்னர் தெஜிமாவில் மருத்துவராயிருந்த சீபோல்ட், தம்மோடு வாழ்ந்த குசுமோத்தோ தக்கியின் அழைப்புப் பெயரைத் திரித்து 'ஒட்டக்சா' என ஒருவகை ஐதரேஞ்சியாவுக்குச் சூட்டினார். 1829இல் அவர் நாடு கடத்தப்பட, தக்கியும் மகள் இனேயும் யப்பானிலேயே விடப்பட்டனர். அப்பெயரும் இன்று வேறொரு பெயரின் கீழ் அடங்கிவிட்டது.

இனி மலையகம். 1867இல் லூல்கந்துரவில் யேம்ஸ் ரெயிலர் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலையும் அமில மண்ணையே நாடும். அதுவும் அலுமினியத்தைத் தன் முதிர்ந்த இலைகளிற் சேர்த்து வைப்பது. அமோனியம் சல்பேற்று உரம் மண்ணை மேலும் அமிலமாக்கும். மலைச்சரிவிற் கொழுந்தையும் துரை பங்களாவின் முற்றத்தில் நீலப் பூவையும் தந்தது ஒரே மண் என்பது மனங்கொள்ளத்தக்கது. பங்களாவின் இரசனைக்குரியதாகத் தோன்றும் நிறம், கொழுந்தின் இலாபத்திற்கு அடிப்படையான அதே இரசாயனத்தின் மறுமுகமே. அம்மண்ணைக் கொத்தியோர் தமிழகத்திலிருந்து கொணரப்பட்டு, ஏறத்தாழப் 10 அடிக்கு 12 அடியான லயக் காம்பராக்களிற் குடியமர்த்தப்பட்டவர்கள். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பான்மையோரை நாடற்றோராக்கியது. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் முகாமை தனியார் கம்பனிகளிடம் சென்றது. மண்ணிற் பாடுபட்டோரின் நிலவுரிமையை இம்மாற்றங்களுள் எதுவும் தீர்த்து வைக்கவில்லை.

ஐதரேஞ்சியா எளிதில் வேர்கொள்வது. பங்களாவிற் கத்தரித்து வீசப்படும் கொம்பை ஈரமண்ணில் ஊன்றினாற் போதும். லயத்து வாசலிலும் அது அதே நீலத்திற் பூக்கும். அவ்வாசல் மண்ணுக்குரிய காணி உறுதி, அங்கு வாழும் குடும்பங்களுட் பெரும்பாலானவற்றின் கையில் இன்னும் இல்லை.